நூறில் எத்தனை பேருக்கு? மருந்தைக் கேள்வி கேட்பதற்கான ஓர் எளிய கணக்கு

நவீன மருத்துவத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு முனைகளில் போய் நின்றுவிடுகிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை எதற்காக, எத்தனை காலத்துக்கு என்று கேட்காமல் ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்கள் ஒருபுறம். மருந்து நிறுவனங்களின் லாப நோக்கத்தைக் காரணம் காட்டி எல்லா மாத்திரைகளையும் விஷம் என்று ஒதுக்குபவர்கள் மறுபுறம். இரு தரப்பினரும் கேட்கத் தவறுவது ஒரே கேள்வியைத்தான் என்பது என் கருத்து. இந்த மருந்தை நூறு பேர் சாப்பிட்டால், சாப்பிடாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்காத நன்மை அவர்களில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது, எத்தனை பேருக்குத் தீங்கு நேர்கிறது, அதற்கு எவ்வளவு காலம் ஆகிறது? இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் ஓர் எளிய கணக்கை மருத்துவ ஆய்வாளர்களே உருவாக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடத்துக் கழித்தலும் வகுத்தலும் போதும்.

அந்தக் கணக்கின் பெயர் என்.என்.டி. (Number Needed to Treat). ஒருவருக்குக் கூடுதல் பலன் கிடைக்க வேண்டுமென்றால் எத்தனை பேர் அந்த மருந்தைச் சாப்பிட வேண்டும் என்பதே அந்த எண். லௌபாசிஸ், சாக்கெட், ராபர்ட்ஸ் ஆகிய மூவர் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இதை முன்வைத்தார்கள். மருத்துவத்தைக் கேள்வி கேட்பது மருத்துவத்துக்கு எதிரானது என்று நினைப்பவர்கள், கேள்வி கேட்பதற்கான கருவியே மருத்துவத்துக்குள்ளிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஓர் உண்மையான ஆய்வைக் கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைப் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 107 நோயாளிகளிடம் சோதித்து, அதன் முடிவுகளை 1948இல் வெளியிட்டது. யாருக்கு மருந்து, யாருக்கு அன்றைய வழக்கமான படுக்கை ஓய்வு மட்டும் என்பது மருத்துவர்களின் விருப்பத்துக்கு விடப்படாமல், குலுக்கல் போன்ற முறையில் தீர்மானிக்கப்பட்டது. ஆறு மாத முடிவில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், ஓய்வு மட்டும் எடுத்த 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். அதாவது நூற்றுக்கு 7 பேர் ஒரு பக்கம், நூற்றுக்கு 27 பேர் மறு பக்கம். வேறுபாடு 20. நூறை இருபதால் வகுத்தால் 5 வருகிறது. ஐந்து பேருக்கு மருந்து கொடுத்தால், ஆறு மாதத்துக்குள் இறந்திருக்கக்கூடிய ஒருவர் பிழைக்கிறார் என்று பொருள். மருத்துவத்தில் இவ்வளவு சிறிய எண் கிடைப்பது அபூர்வம்.

ஆனால் அதே நோயாளிகளை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, மருந்து பெற்றவர்களில் 32 பேரும் பெறாதவர்களில் 35 பேரும் இறந்திருந்தார்கள். நூற்றுக்கு 58, நூற்றுக்கு 67. வேறுபாடு 9ஆகச் சுருங்கி, எண் 5லிருந்து 11ஆக உயர்ந்துவிட்டது. காசநோய்க் கிருமி ஸ்ட்ரெப்டோமைசினை எதிர்த்து நிற்கப் பழகிவிட்டதே இதற்கு முக்கியக் காரணம். ஒரே மருந்தை நம்பாமல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் இன்றைய காசநோய்ச் சிகிச்சை முறை இந்தப் பாடத்திலிருந்து பிறந்ததுதான். ஆகவே காலத்தைக் குறிப்பிடாத எந்த எண்ணும் பாதித் தகவல் மட்டுமே.

இப்போது நோய் இல்லாதவர்களுக்குக் கொடுக்கப்படும் தடுப்பு மாத்திரைகளுக்கு வருவோம். மருந்தைச் சார்ந்து வாழ்வது பற்றிய கவலை நியாயமாக எழ வேண்டிய இடம் இதுதான் என்று நான் நம்புகிறேன். வலியோ காய்ச்சலோ இருந்தால் மருந்து வேலை செய்கிறதா என்பதை நம் உடலே ஓரளவு சொல்லிவிடும். வருங்காலத்தில் வரக்கூடிய ஒன்றைத் தடுக்கச் சாப்பிடும் மாத்திரையில் அந்தச் சாட்சி கிடையாது. எண் ஒன்றே சாட்சி.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான ரோசுவாஸ்டாட்டினை வைத்து நடந்த ஜூப்பிட்டர் என்ற ஆய்வு 2008இல் வெளியானது. மருந்தைத் தயாரித்த நிறுவனமே இதற்கு நிதி கொடுத்திருந்தது. இதய நோய் இல்லாத, கெட்ட கொழுப்பும் அதிகம் இல்லாத, ஆனால் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஒரு புரதம் மட்டும் கூடுதலாக இருந்த 17,802 பேர் இதில் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்கு மருந்தும், பாதிப் பேருக்கு மருந்துப்போலி எனப்படும் வெற்று மாத்திரையும் கொடுக்கப்பட்டன. சுமார் இரண்டு ஆண்டுகளில் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டபோது, மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்குழாய் அடைப்புக்கான சிகிச்சை முதலியவற்றைச் சந்தித்தவர்கள் மருந்து பெற்ற 8,901 பேரில் 142 பேர். வெற்று மாத்திரை பெற்ற 8,901 பேரில் 251 பேர். இந்த முடிவு உலகெங்கும் 'ஆபத்து 44 சதவீதம் குறைகிறது' என்று சொல்லப்பட்டது.

அந்த 44 சதவீதம் பொய்யல்ல. 251 என்பது 142ஆகக் குறைந்திருக்கிறது. விகிதத்தில் அது ஏறத்தாழ 44 சதவீதக் குறைவுதான். ஆனால் இது ஒப்பீட்டுக் கணக்கு. நேர்க் கணக்கில் பார்த்தால், நூற்றுக்கு 2.8 பேராக இருந்தது நூற்றுக்கு 1.6 பேராகியிருக்கிறது. வேறுபாடு 1.2; என்.என்.டி. சுமார் 82. மருந்து சாப்பிட்ட 82 பேரில் ஏறத்தாழ 80 பேருக்கு, அவர்கள் மருந்து சாப்பிடாமல் இருந்திருந்தாலும் அந்த இரண்டு ஆண்டுகளில் எதுவும் நேர்ந்திருக்காது. ஒருவருக்கு மருந்தையும் மீறி நேரும். இன்னும் ஒருவரை மருந்து காப்பாற்றும். காப்பாற்றப்படும் அந்த ஒருவர் யார் என்பதை முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. அதனால்தான் 82 பேரும் சாப்பிட வேண்டியிருக்கிறது.

தீங்கையும் இதே முறையில் எண்ணலாம். எத்தனை பேர் சாப்பிட்டால் ஒருவருக்குக் கூடுதலாகத் தீங்கு நேர்கிறது என்று சொல்லும் அந்த எண்ணை என்.என்.எச். (Number Needed to Harm) என்கிறார்கள். அதே ஆய்வில் புதிதாக நீரிழிவு நோய் கண்டறியப்பட்டவர்கள் மருந்துப் பிரிவில் 270 பேர், வெற்று மாத்திரைப் பிரிவில் 216 பேர். மருந்து சாப்பிடும் சுமார் 165 பேருக்கு ஒருவர் என்ற வீதத்தில் நீரிழிவு கூடுதலாகத் தென்பட்டது. மாரடைப்பும் நீரிழிவும் ஒரே எடையுள்ள தீமைகள் அல்ல என்பதால் 82ஐயும் 165ஐயும் வெறுமனே பக்கத்தில் வைத்து முடிவுக்கு வந்துவிட முடியாது. ஆனாலும், இரண்டு எண்களும் தெரிந்த ஒருவர் எடுக்கும் முடிவுக்கும், '44 சதவீதம்' என்ற ஒற்றை எண்ணை மட்டும் கேட்ட ஒருவர் எடுக்கும் முடிவுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. பலனை ஒப்பீட்டுக் கணக்கிலும் தீங்கை நேர்க் கணக்கிலும் சொல்லும் பழக்கம், அதாவது பலனைப் பெரிதாகவும் தீங்கைச் சிறிதாகவும் காட்டும் பழக்கம், மருந்து விளம்பரங்களில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. சட்டப்படி இதில் குற்றம் காண்பது கடினம். ஆனால் தன் உடலைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய மனிதரிடமிருந்து அந்த முடிவுக்குத் தேவையானதை மறைப்பதை நேர்மை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு ஸ்டாட்டின் மாத்திரைகளே வீண் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. ஏற்கெனவே மாரடைப்போ நெஞ்சுவலி நோயோ வந்த 4,444 பேரிடம் சிம்வாஸ்டாட்டின் என்ற வேறொரு ஸ்டாட்டின் சோதிக்கப்பட்டு, 1994இல் முடிவுகள் வெளியாயின. ஐந்தரை ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் வெற்று மாத்திரைப் பிரிவில் 256 பேரும், மருந்துப் பிரிவில் 182 பேரும் இறந்திருந்தார்கள். சுமார் 30 பேர் சாப்பிட்டால் ஓர் உயிர் பிழைக்கிறது. இங்கே எண்ணப்பட்டது மரணம் என்பதையும் கவனிக்க வேண்டும். அடிப்படை ஆபத்து அதிகமாக உள்ளவருக்கு ஒரு மருந்து தரும் நேரடிப் பலனும் அதிகம். ஆபத்து குறைவாக உள்ளவருக்கு அதே வகை மருந்தின் நேரடிப் பலன் குறைவு. எனவே 'இந்த மருந்து நல்லதா, கெட்டதா' என்ற கேள்வியே அரைகுறையானது. யாருக்கு என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அது முழுக் கேள்வியாகிறது.

மருந்துகளை ஆதரிப்பவர்களை மட்டுமல்லாமல், மருந்துகளைக் கண்டு அஞ்சுபவர்களையும் ஒப்பீட்டுக் கணக்கு இதே அளவுக்குத் தவறான வழியில் கொண்டுபோகும். 1995ஆம் ஆண்டு அக்டோபரில், மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள், முந்தைய தலைமுறை மாத்திரைகளோடு ஒப்பிட்டால், ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்தை இரட்டிப்பாக்குகின்றன என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. நூறு சதவீத அதிகரிப்பு என்ற செய்தி பரவியது. அச்சமடைந்த பெண்கள் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். உண்மையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்த ஆபத்து 7,000 பேரில் இருவருக்கு என்று ஆகியிருந்தது. பரிசுச் சீட்டு ஒன்றுக்குப் பதில் இரண்டு வாங்கியவரின் வாய்ப்பும் இரட்டிப்பாகத்தான் செய்கிறது. அதனால் அவருக்குப் பரிசு நிச்சயமாகிவிடுவதில்லை. அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. கர்ப்பம் தரிப்பது அந்த மாத்திரையைவிட அதிகமாக ரத்த உறைவு ஆபத்தைக் கூட்டக்கூடியது என்பது இந்த நிகழ்வின் வேதனையான பகுதி.

எத்தனை பேருக்கு என்று கேட்பதோடு, எது எண்ணப்படுகிறது என்றும் கேட்க வேண்டும். மாரடைப்புக்குப் பின் சில நோயாளிகளின் இதயம் இடையிடையே தாளம் தப்பித் துடிக்கும். அப்படித் துடிப்பவர்களுக்குத் திடீர் மரண ஆபத்து அதிகம். தாளம் தப்புவதை அடக்கும் மருந்துகள் இருந்தன. தாளத்தை அடக்கினால் மரணமும் குறையும் என்பது எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றிய முடிவு. 1980களில் ஏராளமானோருக்கு அந்த மருந்துகள் கொடுக்கப்பட்டன. பிறகு அமெரிக்காவில் காஸ்ட் என்ற ஆய்வு, என்கைனைடு, ஃப்ளெக்கைனைடு ஆகிய மருந்துகளை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டது. அந்த மருந்துகளால் தாளம் சீரடைகிறது என்று முதலிலேயே உறுதி செய்யப்பட்டவர்கள்தான் அதில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். 1991இல் வெளியான முழு முடிவுகளின்படி, சராசரியாகப் பத்து மாதங்களில், மருந்து பெற்ற 755 பேரில் 63 பேரும், வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தார்கள். ஏறக்குறைய 21 பேருக்கு மருந்து கொடுத்தால் ஓர் உயிர் கூடுதலாகப் போயிற்று. இதயத் துடிப்பைப் பதிவு செய்த தாளில் எல்லாம் சரியாக இருந்தது, மனிதர்கள் இறந்தார்கள்.

இப்படி மரணம், மாரடைப்பு, பார்வை இழப்பு போன்ற உண்மையான விளைவுகளுக்குப் பதிலாக எண்ணப்படும் ரத்த அளவுகளையும் பதிவுகளையும் பதிலி அளவுகள் என்று சொல்லலாம். பதிலி அளவுகள் எல்லாமே ஏமாற்றுபவை அல்ல. உயர் ரத்த அழுத்தத்தைக் குறைத்தால் பக்கவாதம் குறைகிறது என்பது பல ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் உறுதியாகியிருக்கிறது. ஆனால் ஒரு மருந்து ஏதோ ஓர் அளவைக் குறைக்கிறது என்று மட்டும் சொல்லப்பட்டால், அந்த அளவு குறைந்ததால் நோயாளிகள் அதிக காலம் வாழ்ந்தார்களா, நலமாக வாழ்ந்தார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நம் உரிமை.

எண்ணப்பட்டவை எல்லாம் வெளியே வந்தனவா என்பது அடுத்த சிக்கல். மனச்சோர்வுக்கான 12 மருந்துகளைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் பதிவாகியிருந்த 74 ஆய்வுகளை ஒரு குழுவினர் எடுத்து, அவற்றில் எவை மருத்துவ இதழ்களில் வெளியாயின என்று தேடிப் பார்த்து, 2008இல் அறிக்கை வெளியிட்டார்கள். மருந்துக்குச் சாதகமான 38 ஆய்வுகளில் 37 வெளியாகியிருந்தன. சாதகமற்ற அல்லது ஐயத்துக்குரிய 36 ஆய்வுகளில் 22 வெளியாகவே இல்லை. 11 ஆய்வுகள் சாதகமானவை போல எழுதப்பட்டிருந்தன. மூன்று மட்டுமே உள்ளபடி வெளியாகியிருந்தன. இதழ்களை மட்டும் படிக்கும் ஒரு மருத்துவர், எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், நூற்றுக்கு 94 ஆய்வுகள் வெற்றி என்றுதான் நம்பியிருப்பார். கட்டுப்பாட்டுத் துறையின் கோப்புகளில் அது நூற்றுக்கு 51தான். எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோதும் அந்த மருந்துகள் வெற்று மாத்திரையைவிட மேலானவையாகவே இருந்தன, ஆனால் இதழ்கள் காட்டிய அளவுக்கு இல்லை. ஆய்வு தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் அதைப் பதிவு செய்தால்தான் முடிவுகளை வெளியிடுவோம் என்று முன்னணி மருத்துவ இதழ்கள் 2005இலிருந்து விதித்திருப்பது இத்தகைய மறைப்பைக் கடினமாக்குவதற்காகத்தான்.

ஆய்வுகளின் எண்கள் பெரும்பாலும் ஒரு நோய்க்கு ஒரு மருந்து என்ற நிலையில் பெறப்பட்டவை. எட்டு மாத்திரை, பத்து மாத்திரை சாப்பிடும் முதியவர்கள் அந்த ஆய்வுகளில் சேர்க்கப்படுவது குறைவு. அவர்களிடம் நேர்கிற ஒரு விபரீதத்தை ரோஷான், குர்விட்ஸ் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் 1990களில் தெளிவாக விளக்கினார்கள். ஒரு மருந்தின் பக்கவிளைவு புதிய நோயாகத் தவறாகக் கருதப்பட்டு, அதற்கு இன்னொரு மருந்து எழுதப்படுவதே அது. ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினால் கணுக்கால் வீங்குகிறது. வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை தரப்படுகிறது. அதனால் உடலின் உப்புச் சமநிலை குலைந்தால் அதற்கும் ஒரு மருந்து. இப்படிச் சங்கிலியாக நீளும் பட்டியலில் பல கண்ணிகளுக்குத் தனியே நோய் என்று எதுவும் இருக்காது. வயதானவருக்குப் புதிதாக ஒரு தொல்லை வந்தால், இது ஏற்கெனவே சாப்பிடும் மருந்தால் வந்திருக்கக்கூடுமா என்று முதலில் கேட்பது, கேட்பவருக்கு எந்தச் செலவும் வைக்காத, மிகுந்த பலன் தரக்கூடிய கேள்வி.

என்.என்.டி. 1 என்பதற்கு மிக அருகில் இருக்கும், அதாவது சாப்பிடும் அநேகமாக எல்லோருக்கும் பலன் தரும் மருந்துகளும் உண்டு; அவற்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை தீங்கு செய்துவிடும். 1922இல் இன்சுலின் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன், முதல் வகை நீரிழிவு வந்த குழந்தைகள் அநேகமாக எல்லோரும் இறந்தார்கள். அவர்களுக்கு இன்சுலினைச் சார்ந்திருப்பதே வாழ்வு. எண்ணிப் பார்க்காமல் ஐயப்படுவதன் விலையைத் தென்னாப்பிரிக்கா கண்டது. எச்.ஐ.வி. கிருமியே எய்ட்ஸுக்குக் காரணம் என்பதை ஐயுற்ற ஆட்சித் தலைமை கூட்டு மருந்துத் திட்டத்தைத் தாமதப்படுத்தியதால், 2000க்கும் 2005க்கும் இடையே 3,30,000க்கு மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். தேவையற்றது என்று தோன்றும் மருந்தையும் தன்னிச்சையாக நிறுத்தக் கூடாது. நீண்ட காலம் சாப்பிட்ட ஸ்டீராய்டு, வலிப்பு நோய் மருந்து, இதய நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர், சில வகைத் தூக்க மாத்திரைகள் ஆகியவற்றைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரின் கண்காணிப்பில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

நவீன மருந்துகளிடம் கேட்கும் கேள்வியை மாற்று மருத்துவ முறைகளிடமும் அதே கறாருடன் கேட்க வேண்டும். ஒரு சூரணத்தையோ கஷாயத்தையோ எத்தனை பேர் சாப்பிட்டார்கள், சாப்பிடாதவர்களோடு ஒப்பிட்டால் எத்தனை பேருக்குக் கூடுதலாகக் குணமாயிற்று, எத்தனை பேருக்குக் கல்லீரலோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டது என்ற விவரம் இல்லாமல், 'பக்கவிளைவே இல்லை' என்று உறுதி தருபவர் எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவர்களை யாரும் எண்ணவில்லை என்பதற்காக, பாதிக்கப்பட்டவர்களே இல்லை என்று ஆகிவிடாது.

மருத்துவரிடம் இதை எப்படிக் கேட்பது என்று பலர் தயங்குகிறார்கள். "டாக்டர், என்னைப் போன்ற வயதும் உடல்நிலையும் உள்ள நூறு பேர் இந்த மாத்திரையை ஐந்து ஆண்டுகள் சாப்பிட்டால் எத்தனை பேருக்கு நன்மை கிடைக்கும்? சாப்பிடாவிட்டால் என்ன ஆகும்?" என்று பணிவாகக் கேட்பதில் அவமதிப்பு எதுவும் இல்லை. சரியான எண் உடனே அவர் நினைவுக்கு வராமல் போகலாம். ஆனால் நூறில் ஒருவரா, ஐந்து பேரா, ஐம்பது பேரா என்ற அளவிலாவது தோராயமாகச் சொல்ல முடிந்தால் அதுவே பெரிய உதவி. எப்போது மறுபரிசீலனை செய்வது, எந்த நிலையில் இதை நிறுத்தலாம் என்பதையும் மருந்து தொடங்கும் அன்றே கேட்டு, சீட்டின் ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. எண் தெரிந்த பிறகும் எல்லோரும் ஒரே முடிவை எடுக்க வேண்டியதில்லை. தன் தந்தையை இளம் வயதில் மாரடைப்பில் இழந்த ஒருவருக்கு 82 பேரில் ஒருவர் என்பது நாள்தோறும் ஒரு மாத்திரை சாப்பிடப் போதுமான காரணமாக இருக்கலாம். ஏற்கெனவே ஏழு மாத்திரைகளோடு போராடும் எண்பது வயதுப் பெண்மணிக்கு அது போதாத காரணமாக இருக்கலாம். இருவரும் தத்தமக்குரிய எண்ணைக் கேட்டறிந்துதான் அந்த முடிவுக்கு வந்தார்கள் என்றால், இருவரின் முடிவுமே சரியானதுதான்.